சவ்வு

காலை ஐந்தேகால் மணிக்கு ஜெரோதிச் எழுந்திருப்பாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்காமல், பாதங்களை மட்டும் முன்னும் பின்னும் மடக்குவாள். முப்பது தடவை. அப்புறம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் காலி சோடா பாட்டிலைக் காலாலேயே இழுத்து, உள்ளங்காலுக்கு அடியில் வைத்து உருட்டுவாள். இடது கால் கொஞ்ச நேரம், வலது கால் கொஞ்ச நேரம். சிமெண்ட் தரையில் பாட்டில் உருளுகிற சத்தத்தில்தான் அவள் கணவன் கிமோசொப்புக்கு விழிப்பு வரும். விழித்தாலும் கண்ணைத் திறக்க மாட்டான். அவள் எழுந்து நிற்பதற்காகக் காத்திருப்பான்.

கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு அடி. முதல் நான்கு அடி எப்படி விழுகிறது என்பதை வைத்தே அன்றைக்கு அவள் எவ்வளவு ஓடுவாள் என்று அவனால் சொல்ல முடியும். குதிகாலைத் தூக்கிப் பூனை மாதிரி வைத்தால் உள்ளங்காலில் வலி இருக்கிறது என்று அர்த்தம். தட், தட்டென்று வைத்தால் இல்லை. அடுப்பைப் பற்றவைத்து, தேநீருக்குப் பாலும் தண்ணீரும் ஒன்றாக ஏற்றிவிட்டு, ஆறு மணிக்கு வாசலைத் திறப்பாள். வெளியே கூட ஓடும் செலகாட் நிற்பாள். இரண்டு பேரும் சிவப்பு மண் சாலையில் இறங்கி ஓட ஆரம்பிப்பார்கள். கென்யா மலைமேல் இருக்கும் இட்டென் ஊரே அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டில் ஆள் தெரியாது, மூச்சுதான் தெரியும்.

கிமோசொப் ஆறரைக்குக் கடையைத் திறப்பான். இறைச்சிக் கடை. லிமோ தன் பைக்கின் பின்னால் ஆட்டைக் கட்டிக் கொண்டுவந்து இறக்குவான். கிமோசொப் தோலை உரித்து, தொங்கவிட்டு, சதைக்கு மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைக் கட்டைவிரலால் கிளப்பி இழுத்து எறிவான். சவ்வோடு இருந்தால் சுடும்போது சதை சுருண்டுகொள்ளும், யாரும் வாங்க மாட்டார்கள். இது தினம் நடப்பது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனும் அந்த இருட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தான். அவளுக்கு முன்னால். காற்றை அவன் வாங்கிக்கொள்வான், அவள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருவாள். அவன் கால் வைத்த இடத்தில் அவள் கால் வைப்பாள். அப்போது ஊரில் அவனுக்குத்தான் பெயர். பிறகு எல்டோரெட் மைதானத்தில் பத்தாயிரம் மீட்டர். பதினெட்டாவது சுற்றில் வலது உள்ளங்காலில் துணி கிழிகிற மாதிரி ஒன்று நடந்தது. வலி தெரியாமலிருக்க அந்த வருஷம் குதிகாலில் மூன்று ஊசி போட்டிருந்தான். சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆறும் என்றார்கள். ஆறியது. ஆனால் பழைய கால் திரும்பி வரவில்லை. தரையைத் தொட்டதும் தூக்கிவிடுகிற அந்த ஒன்று போய்விட்டது. நடக்கலாம், மாடு மேய்க்கலாம், கறி வெட்டலாம்.

அவளோ அதற்குப் பிறகுதான் வேகமானாள்.

அவள் வேகமானதற்குக் காரணம் யாதோர் என்று ஊரில் சொன்னார்கள். யாதோர் ஓடிப் பார்த்துத் தோற்றவன். பிறகு நைரோபியில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து, போன் சார்ஜ் போடும் கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தான். நீல ரெக்ஸின் போட்ட ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டவ், ஒரு சட்டி எண்ணெய். ஓடுகிறவர்கள் வந்து படுப்பார்கள். கதவை மூட மாட்டான், திரைச்சீலைதான். பெண்கள் வந்தால் வீட்டுக்காரரும் உள்ளே வந்து உட்காரலாம் என்று அவனே சொல்வான். கிமோசொப் ஒருநாளும் உள்ளே போனதில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் காவலுக்கு வந்த மாதிரி இருக்கும். வெளியே நின்றாலும் அப்படித்தான் இருந்தது. அதனால் கடைக்குப் போய்விடுவான். கடையில் நின்றுகொண்டு, இந்நேரம் எந்தக் கால், இந்நேரம் எந்த இடம் என்று எண்ணிக்கொண்டிருப்பான்.

அவள் திரும்பி வந்து சொல்வாள். அதுதான் அவனுக்கு இன்னும் ஆகாது.

"தொடைக்குப் பின்னாடிதான் பிரச்னையாம், உள்ளங்கால்ல இல்லயாம். அங்க இறுகிப் போய் இங்க இழுக்குதாம். ஒரே பிடியில கண்டுபிடிச்சுட்டான்."

"ஒரே பிடியிலயா?"

"ஆமா. நீ கோழி பிடிக்கிறதுக்கே மூணு பிடி வேணும்."

அவள் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டுக் கத்தியைத் தீட்டப் போவான்.

ஒரு புதன்கிழமை யாதோரே கடைக்கு வந்தான். கூட ஜெரோதிச்சும் செலகாட்டும். ஓடிவிட்டு நேராக வந்திருந்தார்கள், காலெல்லாம் செம்மண்.

"ஒரு பின்னங்கால் குடு, கிமோசொப். வெட்டாத. பார்த்துட்டுத் திருப்பித் தர்றேன்."

"இது என்ன நூலகமா?"

"சும்மா குடுய்யா, இவளுகளுக்கு ஒண்ணு காட்டணும்."

கொடுத்தான். யாதோர் அதைப் பலகையில் வைத்து, குளம்புப் பக்கம் ஒரு கையால் பிடித்து மெல்ல இழுத்தான். தொடையின் மேல் இருந்த வெள்ளைச் சவ்வில் ஒரு சுருக்கம் ஓடியது.

"சதையைப் பார்க்காதீங்க. இந்த வெள்ளையைப் பாருங்க. கீழ இழுத்தா மேல அசையுது, தெரியுதா? உள்ளங்கால்ல ஆரம்பிச்சு, பின்பக்கமாவே ஏறி, முதுகு, கழுத்து, மண்டை வரைக்கும் தொடர்ந்து போகுது. ஒவ்வொரு சதைக்கும் இது ஒரு சட்டை. எல்லாச் சட்டையும் ஒண்ணோட ஒண்ணு தைச்சிருக்கு. நீங்க குதிச்சு இறங்கும்போது இது இழுபடும், விட்டதும் திரும்பத் தூக்கிவிடும். ஆடு பாறை ஏறுறதுல பாதி இதோட வேலை."

"அப்ப சதை எதுக்கு?" என்றாள் செலகாட்.

"கிமோசொப் விக்கிறதுக்கு."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஜெரோதிச் யாதோரின் தோளில் கையால் ஒரு தட்டு தட்டிச் சிரித்தாள். கிமோசொப் அந்தக் கையைப் பார்த்தான்.

"ஆறே வாரத்துல சதை பலமாயிடும்," யாதோர் விடவில்லை. "உடனே நமக்குத் தைரியம் வந்துடும், இன்னும் வேகம் இன்னும் வேகம்னு. ஆனா இது பலமாக ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். சதையை நம்பி ஓடினவன் சவ்வைக் கிழிச்சுக்குவான்."

அவன் கிமோசொப்பைப் பார்க்கவில்லை. மற்ற இருவரும் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள்.

"அமுக்கறதும் அப்படித்தான். வெதுவெதுப்பா, மெதுவா. கீழேருந்து மேல. ஒரு இடத்துல முரண்டு பிடிச்சா கையை எடுக்காத. அங்கயே நில்லு. தானா இளகிக் குடுக்கும்."

சொல்லிக்கொண்டே ஆட்டுக் காலில் பெருவிரலை வைத்துக் காட்டினான். ஜெரோதிச் குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிமோசொப்பும் பார்த்தான்.

அவர்கள் போன பிறகு அவன் அந்தக் காலை விற்கவில்லை. சவ்வைக் கத்தியால் நீள நீளமாக உரித்தான். உரிக்க உரிக்கச் சதை தளர்ந்து பலகையில் பரந்தது. நாய்க்குப் போட்டுவிட்டான்.

நவம்பர் கடைசியில் அவள் ஸ்பெயினுக்குப் போனாள். மாரத்தானில் இரண்டாவதாக வந்தாள். ஏஜெண்ட் போனில் சொன்னபோது கிமோசொப் கடையில் கைகழுவிக்கொண்டிருந்தான். "ரெண்டாவது!" என்று கத்தினான். கத்தும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகு, தன்னுடைய வாழ்நாளில் தான் ஓடின மிக நல்ல ஓட்டம் எது என்று யோசிக்க ஆரம்பித்தான். யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டது.

மூன்று விமானம் மாறி எல்டோரெட்டில் வந்து இறங்கினாள். ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் இரண்டு தடித்த வெள்ளைக்காரர்கள் ஏறினதும் தூங்கிவிட்டார்களாம். அவர்களை எழுப்ப வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்பது மணி நேரம் எழுந்திருக்கவே இல்லையாம். தண்ணீரும் குடிக்கவில்லையாம், குடித்தால் எழுந்துபோக வேண்டும் என்று.

வெளியே ஊர் திரண்டிருந்தது. அவள் அம்மா கழுவித் துடைத்த சுரைக்குடுக்கையில் முர்சிக் கொண்டுவந்திருந்தாள். கரிபூசிய குடுக்கையில் புளிக்கவைத்த பால். வென்று வருகிற பிள்ளைக்கு முதல் வாய் அதுதான். ஜெரோதிச் குனிந்து வாங்கி இரண்டு வாய் குடித்தாள். உதட்டுக்கு மேல் வெள்ளையாகக் கோடு விழுந்தது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் கூவினார்கள். அடுத்த வாய், அவளை ஓடவைத்தவனுக்கு. கிமோசொப் கையை நீட்டவில்லை, ஆனால் கை தயாராக இருந்தது. அவள் குடுக்கையோடு இடது பக்கம் திரும்பினாள். இடது பக்கம் யாதோர் நின்றான்.

யாதோர் சட்டென்று ஒரு வாய் குடித்துவிட்டுக் குடுக்கையைக் கிமோசொப்பிடம் தள்ளினான். அந்த அவசரம்தான் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது.

வேனில் வரும்போது கிமோசொப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் பக்கத்துல நின்னான், குடுத்தேன். அவ்வளவுதான்," என்றாள் ஜெரோதிச்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காமதான் கேட்டுட்டு வர்ற. இட்டென் வரைக்கும் கேட்டுட்டே வா."

மறுநாள் கடையில் லிமோ சுட்ட ஈரலை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டே ஆரம்பித்தான்.

"முர்சிக் எப்படி இருந்துச்சு? ரெண்டாவது வாய்க்கு ருசி கொஞ்சம் கம்மியாமே?"

"மூடிட்டுத் தின்னு."

"கோவிச்சுக்காத, அண்ணே. பால் கறக்கிறவனுக்குப் பாலு, மாட்டுக்காரனுக்குச் சாணி. ஊர்ல பேசிக்கிறாங்க, நானா சொல்றேன்?"

கிமோசொப் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினான். லிமோ ஈரலோடு எழுந்து பைக்குக்குப் போனான்.

அடுத்த இரண்டு நாளில் ஜெரோதிச்சின் இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. காலையில் பாட்டிலை உருட்டினாள். பதினோரு அடியும் ஒரே மாதிரி விழுந்தது. முதல் நான்கு அடியில் வலித்து ஐந்தாவதில் விடுகிற வலி அவனுக்குத் தெரியும். இது விடவில்லை. இவ்வளவு தூரம் ஓடினால் வலிக்காதா என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாதோரிடம் போகப் புறப்பட்டாள். "நானும் வர்றேன்," என்றான் கிமோசொப். அவள் ஒரு தடவை அவனைப் பார்த்துவிட்டு, "வாயேன்," என்றாள்.

முதல் தடவையாக அந்த அறைக்குள் போனான். அவன் நினைத்திருந்ததைவிடச் சின்ன அறை. சுவரில் தோல் உரித்த மனிதன் படம். ஜெரோதிச் பெஞ்சில் குப்புறப் படுத்துக் காலை நீட்டினாள். பழகின மாட்டைப் போல எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதைக்கூட அவன் குறித்துக்கொண்டான்.

யாதோர் உள்ளங்கையைக் கெண்டைக்கால் மேல் வைத்தான். அமுக்கவில்லை. வைத்தபடியே இருந்தான். பிறகு மற்றக் காலைத் தொட்டான். மேசை இழுப்பறையிலிருந்து தையற்காரன் நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தான்.

"இது சவ்வு இல்ல," என்றான்.

"பின்ன?" ஜெரோதிச் தலையைத் தூக்கினாள்.

"தெரியாது. இடது கால் பெருத்திருக்கு. சூடா இருக்கு. சவ்வு வலின்னா நடக்க நடக்கக் குறையும். குறையுதா?"

"இல்ல."

"அப்ப நான் தொடமாட்டேன். நீயும் அமுக்காத, உருட்டாத, ஓடாத. எல்டோரெட் போய்ப் படம் எடுத்துப் பார்க்கணும். இது ரத்தக் குழாய் சமாச்சாரமா இருக்கலாம்."

"ஆட்டுத் தலையை வெட்டுறவர் தைரியமா நிக்கிறாரு, நீ என்னடா என் காலைப் பார்த்துப் பயப்படுற?"

"பயம்தான்," என்றான் யாதோர். சிரிக்கவில்லை. கிமோசொப் பக்கம் திரும்பினான். "நாளைக்குக் காலையில நான் எல்டோரெட் போறேன். வேணும்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன். உனக்குச் சனிக்கிழமை, கடையை விட்டு வரமுடியாது."

கிமோசொப்புக்குக் காது சூடாயிற்று. பைக்கில் முன்னால் யாதோர், பின்னால் அவள், முப்பது கிலோமீட்டர். தொடமாட்டேன் என்று என் முன்னால் சொல்கிறான். என் முன்னால்தான் தொடமாட்டான்.

"எம் பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா. நாளைக்கே போன்னுதான் சொல்றேன்."

"திங்கக்கிழமை போவோம்."

"திங்கக்கிழமை வேண்டாம். நாளைக்கு."

"நீ அவ காலைத்தான் பார்க்கிற. வீட்டை நான் பார்த்துக்கிறேன்."

ஜெரோதிச் எழுந்து செருப்பை மாட்டினாள். "ரெண்டு பேரும் என் காலை ஏலம் போட்டு முடிச்சுட்டா நான் வீட்டுக்குப் போகலாமா?"

சனிக்கிழமை கடையில் கூட்டம். இரண்டு ஆடு தீர்ந்தது. மதியம் மழை அடித்துப் பெய்து, நான்கு மணிக்கு வெளுத்தது. கிமோசொப் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அவள் பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். இடது காலை இன்னொரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"மரக்கட்டை மாதிரி இருக்கு."

அவன் சோப்புப் போட்டுக் கைகழுவினான். ஆட்டுக் கொழுப்பு வாடை போகவில்லை. மறுபடியும் கழுவினான். மூன்றாவது தடவை கழுவும்போது அவள் பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

"காலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு, பார்ப்போம். எனக்கும் கை இருக்கு."

அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். யாதோர் சொன்னது அவளுக்கும் நினைவில் இருந்திருக்கும். அவனுக்கும் இருந்தது. ஆனால் மூன்று வருஷமாக அவன் அவள் காலைத் தொட்டதில்லை. தன் கால் போன பிறகு அவள் காலைப் பார்க்கவே அவன் விரும்பியதில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் காலை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

கரண்டியில் எண்ணெயைச் சுடவைத்து, கையில் ஊற்றி, கணுக்காலிலிருந்து மேலே ஏற்றினான். வெதுவெதுப்பாக. மெதுவாக. கீழேயிருந்து மேல். கால் கனமாக இருந்தது. தோல் மினுமினுத்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. பரவாயில்ல."

"அவன் அமுக்கறப்ப வலிக்குமா?"

"ஆரம்பிச்சுட்டான்யா."

"சும்மா கேட்டேன்."

"உயிர் போகும். போதுமா? அவன் கையில இரக்கமே கிடையாது. அந்தப் பெஞ்சுல படுத்து ஒருநாள் அழுதிருக்கேன். சந்தோஷமா?"

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு இடம் கயிறு மாதிரி தட்டுப்பட்டது. முரண்டு பிடித்தது. பெருவிரலை அங்கே வைத்தான். எடுக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்தாள்.

"தம்பாச் மேட்டுல முதல் தடவை என்னை ஓடவெச்சியே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "பாதியில உக்காந்துட்டேன். நீ திரும்பி வந்து, எந்திரி, இல்லன்னா உங்கம்மாகிட்டயே கொண்டுபோய் விட்டுடுவேன்னு சொன்ன."

"விட்டிருக்கணும்."

"ஆமா, விட்டிருக்கணும். அப்ப உன் முதுகைப் பார்த்துட்டே ஓடுவேன். பனியன்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, அந்த ஓட்டையையே பார்த்துட்டு ஓடுவேன். இப்ப முன்னாடி ஒண்ணும் இல்ல. வெறும் ரோடு."

விரலுக்கு அடியில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இல்லை, சட்டென்றுதான் இளகியது. இருந்தது, பிறகு இல்லை. அவள் பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிக் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்குக் களி அவன்தான் கிண்டினான். அவள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டில் உருளவில்லை. அவள் நேராக எழுந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான். தட், தட், தட், தட். சர்ச்சுக்கு முன்னால் நாற்பது நிமிஷம் மெதுவாக ஓடிவிட்டு வருவதாக முந்தின இரவே சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. தன் கை குணமாக்கிய கால் ஓடட்டும் என்று இருந்தது. வாசலில் நின்று ஷூ நாடாவைக் கட்டிவிட்டு அவனிடம் ஏதோ சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

இருபது நிமிஷத்தில் லிமோவின் பைக் வந்தது. தைல மரங்கள் நிற்கும் வளைவில் அவள் உட்கார்ந்துவிட்டாள் என்றான். உட்கார்ந்துவிட்டாள் என்று மட்டும்தான் சொன்னான். கிமோசொப் போனபோது செலகாட் சாலையில் மண்டியிட்டு அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"ஒண்ணுமே சொல்லல," செலகாட் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவதான் ஓடுறப்ப பேசமாட்டாளே. வாசல்லயே கையைக் காட்டிட்டு ஓட ஆரம்பிச்சுட்டா. இங்க வந்து நெஞ்சைப் பிடிச்சா. என் கையைப் பிடிச்சா. ஒண்ணுமே சொல்லல."

எல்டோரெட் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தார். காலில் கட்டியிருந்த ரத்தம் அறுந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்றார். விமானத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்டார். கால் வீங்கியிருந்ததா என்று கேட்டார்.

"யாராவது அமுக்கிவிட்டாங்களா?"

கிமோசொப் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற லிமோ சொன்னான். "யாதோர், டாக்டர். எப்பவும் அவன்தான் அமுக்குவான்."

"அமுக்காமலும் இது நடந்திருக்கலாம்," என்றார் டாக்டர். "அமுக்கினதாலயும் நடந்திருக்கலாம். யாராலயும் உறுதியாச் சொல்லமுடியாது."

ஊருக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் தைல மர வளைவிலிருந்து கீழே பள்ளத்தாக்கு வரைக்கும் பேச்சு போய்விட்டது. யாதோரின் அறையில் யாரோ பூட்டை உடைத்து, பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டு, ரெக்ஸினைக் கிழித்தார்கள். யாதோர் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்க வந்தான். ஆண்கள் நகர்ந்து இடம் விடவில்லை. நின்றுகொண்டே கிமோசொப்பின் கையைப் பிடித்தான். யாதோருடையது எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கை. கிமோசொப்பின் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அமுக்கியது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று கிமோசொப்புக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறான். யாருக்காக? எனக்காக அல்ல. அவள் புருஷன் தலைகுனியக் கூடாது என்று, அவளுக்காக. செத்த பிறகும் அவளுக்காக ஒன்று செய்கிறான். அந்த நினைப்பு வந்ததும் கிமோசொப் எழுந்து பின்கட்டுக்குப் போய் இரண்டு முக்காலிகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

சனிக்கிழமை அடக்கம். கிமோசொப்பின் நிலத்திலேயே, மாட்டுக் கொட்டிலுக்கு மேல்பக்கம் குழி. வாடகைப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக். ஓட்டக்காரர்கள் எல்லோரும் ஓடும் சட்டையோடு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாதோர் வேலிக்கு வெளியே சாலையில் நின்றான்.

முன்வரிசையில் இருந்த கிமோசொப்புக்குப் பின்னால் பேச்சு கேட்டது.

"அங்க நிக்கிறான் பாரு, தைரியமா."

"விடு. எவ்வளவு நாள் அவ காலைப் பிடிச்சவன். ஒரு பாசம் இருக்காதா?"

"பாசம். கடைசியா அவளைத் தொட்டவன் அவன்தான். அந்தக் கையாலதான் போனா."

கடைசியா அவளைத் தொட்டவன். கிமோசொப் அந்த வார்த்தைகளைத் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். இனி எத்தனை வருஷம் ஆனாலும் இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். அவள் கதையில் கடைசிக் கை யாதோருடையதாக இருக்கும். முர்சிக் குடித்த வாய் மாதிரி அதுவும் அவனுக்கே போய்விடும். தான் வாயைத் திறக்காவிட்டால் போதும், தான் தப்பித்துவிடலாம். அவளை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம்.

மைக் அவன் கைக்கு வந்தது.

"யாதோர் அவளைத் தொடல," என்றான். மைக் கீச்சிட்டது. யாரோ வந்து சரிசெய்தார்கள். அவன் காத்திருந்து மறுபடியும் ஆரம்பித்தான். "வெள்ளிக்கிழமை அவ காலைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான். மறுநாளே போகச் சொன்னான். நான் போகல. சனிக்கிழமை சாயங்காலம் நாந்தான் அமுக்கினேன். எங்க வீட்டுப் பின்கட்டுல. கடைசியா அவளைத் தொட்டது நான்."

கொட்டிலில் மாடு ஒன்று தும்மியது. அவள் அண்ணன் பாதி எழுந்தான், பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பாஸ்டர் மைக்கை மெதுவாக வாங்கி, உண்மை பேசும் மனசைப் பற்றி ஏதோ சொன்னார். சிலர் ஆமென் என்றார்கள். கிமோசொப் உட்கார்ந்தான். லிமோ வேறு நாற்காலிக்குப் போயிருந்தான்.

மண் போட்டு முடிந்து கூட்டம் களி சாப்பிடப் போனபோது யாதோர் வேலியைத் தாண்டி வந்தான்.

"ஏன்டா சொன்ன?"

"சொல்லணும்னு தோணுச்சு."

"எம் பேரைக் காப்பாத்தவா?"

"இல்ல."

யாதோர் அவன் முகத்தைப் பார்த்தான். புரிந்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"சீ," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். "நான் எண்பது பேரு காலைப் பிடிச்சிருக்கேன். அவ காலும் ஒரு காலு. அவ பெஞ்சுல படுத்து என்ன பேசுவா தெரியுமா? உன் முதுகு. உன் பனியன்ல ஒரு ஓட்டையாமே."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

சாயங்காலம் அவள் அம்மா வந்து அவன் முன்னால் நின்றாள். வாரம் முழுக்க அழுத முகம். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"நீ செஞ்சதை நீயும் ஆண்டவனும் பேசிக்கோங்க. நான் அதுக்கு வரல. ஒண்ணு மட்டும் சொல்லு. அவ கடைசியா என்ன சொன்னா?"

"அம்மாவை நல்லாப் பார்த்துக்கோன்னு சொன்னா," என்றான் கிமோசொப்.

அம்மா தலையை ஆட்டினாள். தோளில் கிடந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அது போதும் என்பது போலப் போனாள். அன்றிலிருந்து ஊரில் அதைத்தான் சொல்கிறார்கள். பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில்கூடச் சொன்னார்.

கடைசியாக ஓடப்போன அன்று காலை வாசலில் அவள் ஒரு காலைப் படியில் வைத்துக் குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினாள். இடது கால். நிமிர்ந்து, எண்ணெய்ப் பளபளப்பு இன்னும் போகாத கெண்டைக்காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கதவைப் பிடித்தபடி, அவன் தூங்கவில்லை என்று தெரிந்து, கட்டில் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"அடுப்புல பால் இருக்கு, பொங்கவிட்டுடாத. வந்ததும் இன்னொரு தடவை அமுக்கிவிடு. நேத்து நல்லா இருந்துச்சு."